நான்கு நாள் எண்ணிய வடிதாள்

நான் வேலை பார்த்த ஆய்வுகூடத்தில் இப்போது பொறுப்பாக இருப்பவர் துவாரகா. சென்ற மாதம் தொலைபேசியில் பேசினார். புதிதாக, காமாக் கதிர்களை அளக்கும் ஒரு கருவி வந்திருக்கிறதாம். முன்பு நாங்கள் நாட்கணக்கில் இருந்து பார்த்ததை அது ஒரு மணித்தியாலத்தில் எந்தக் கதிர்ப்பொருள் என்று பெயரோடு சொல்லிவிடுகிறதாம். அதனால் ஆய்வுகூடத்தின் கைந்நூலைத் திருத்தி அச்சிடப்போகிறார்கள். ஏழாம் பக்கத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

ஏழாம் பக்கத்தின் தலைப்பு, 'நலிந்த இடைத்தாக்கமும் அதன் பரிமாற்றத் துணிக்கைகளும்'. எழுதியவர் என் மேலதிகாரியாக இருந்த இராசநாயகம் சேர். மணலும் உரமும் பரிசோதிக்கிற இடத்தில் இது எதற்கு என்று புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்களாம். கேள்வி நியாயமானது. தொலைபேசியில் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

என் பெயர் யோகேஸ்வரி. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, கதிர்த்தொழிற்பாட்டை, அதாவது கதிரியக்கத்தை, அளக்கும் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். கப்பலில் ஏறுகிற, இறங்குகிற பொருட்களின் மாதிரிகள் எங்களிடம் வரும். பால்மா, உரம், பழைய இரும்பு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கனிம மணல். புல்மோட்டைக் கரையில் நடந்தவர்களுக்கு அந்தக் கறுப்பு மணலைத் தெரியும். அப்படியான மணலில் மொனசைட் என்ற மஞ்சள் நிறக் கனிமம் கொஞ்சம் கலந்திருக்கும். அதற்குள் தோரியம் இருக்கிறது. தோரியம் மெல்ல மெல்லச் சிதைந்து வேறொன்றாகும், அதுவும் சிதைந்து இன்னொன்றாகும். அப்படிப் பத்துப் படி இறங்கிக் கடைசியில் சாதாரண ஈயமாக நின்றுவிடும். இடையில் ஒரு படி வாயு. அது மணலை விட்டு வெளியே வந்து காற்றில் கலக்கும். எங்கள் தொழிலில் கவனமெல்லாம் அந்த வாயுவிலும் அது சிதைந்து காற்றில் விட்டுச்செல்லும் பிள்ளைகளிலும்தான்.

முதல் இரண்டு வருடமும் போத்தல் கழுவினேன், மணல் உலர்த்தினேன், நிறுத்தேன். அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் வருடம்தான் சேர் என்னைக் கதிர்களை எண்ணும் மேசைக்கு விட்டார்.

இராசநாயகம் சேர் மெலிந்த மனிதர். குரல் உயர்த்த மாட்டார், பாராட்டவும் மாட்டார். அவருக்குக் கீழ் வேலை செய்தவர்களால் அவர் முகத்தைப் பார்த்து எதையும் அறிய ஏலாது. அவர் பென்சிலைத்தான் பார்க்கவேண்டும். நாங்கள் எழுதிய பக்கத்தில் பென்சில் ஓடிக்கொண்டிருந்தால் நல்லது. ஓரிடத்தில் நின்றால் பிழை. எங்கே பிழை என்று சொல்ல மாட்டார். பென்சிலை அந்த எண்ணின் மேல் வைத்துவிட்டு வெளியே போய்விடுவார்.

எண்ணுவதற்கு அவர் வைத்த ஒழுங்கு இது. முதலில் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தை எழுதவேண்டும். பிறகு, எண்ணும் குழாய் பொருத்திய ஈயக் கூட்டுக்குள் ஒன்றும் வைக்காமல் எண்ணவேண்டும். சுவரிலிருந்தும் வானத்திலிருந்தும் எப்போதும் வந்துகொண்டிருக்கும் கதிர்கள் எத்தனை என்று அதில் தெரியும். அதற்குப் பின்னணி என்று பெயர். பிறகு, காற்றை இழுத்துத் தூசியைப் பிடித்த வடிதாளைச் சிறு தட்டில் வைத்துக் கூட்டுக்குள் குழாயின் கீழ் தள்ளிப் பத்து நிமிடம் எண்ணவேண்டும். எடுத்தபின் மறுபடி பின்னணி. முதற் பின்னணியும் கடைசிப் பின்னணியும் ஒத்துவராவிட்டால் இடையில் எண்ணியதைக் கிழித்து எறியலாம். ஆனால் கிழிக்க அவர் விட்டதில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, காரணம் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும்.

அந்த மேசையில் எனக்கு மிகவும் பழகிய பொருள் ஈயம்-212. சாதாரண ஈயம் அல்ல. நான் சொன்ன வாயு காற்றில் விட்டுச்செல்லும் பிள்ளைகளில் ஒன்று. தூசியில் ஒட்டிக்கொண்டு வடிதாளில் வந்து இருக்கும். பத்து மணித்தியாலமும் முப்பத்தெட்டு நிமிடமும் கழிந்தால் பாதியாகும். இன்னொரு பத்தரை மணித்தியாலத்தில் அந்தப் பாதியும் பாதியாகும். ஒருநாள் சேரிடம் கேட்டேன், இதற்குப் பின்னால் வரும் பொலோனியம் ஒரு செக்கனைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது, இது மட்டும் ஏன் இப்படி ஆறுதலாக, அவசரமில்லாமல் இருக்கிறது என்று.

சேர் பென்சிலைக் கீழே வைத்தார். அவர் வேலை நேரத்தில் பென்சிலைக் கீழே வைத்து நான் கண்டது மிகச் சில தடவைதான்.

பொலோனியத்தின் வேலை வேறு விதம் என்றார். அது தன் அணுக்கருவிலிருந்து ஒரு துண்டைத் துப்பிவிடுகிறது. ஈயம் அப்படியல்ல. அதன் கருவுக்குள் ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறவேண்டும். நியூத்திரன் நேரடியாக அப்படி மாறுவதில்லை. அதற்குள் இருக்கும் குவாக்கு என்ற இன்னும் சிறிய துணிக்கைகளில் ஒன்று தன் இனத்தை மாற்றும்போது ஒரு துணிக்கையைக் கொடுக்கிறது. அதற்குப் பெயர் டபிள்யூ. அந்த டபிள்யூ உடனேயே இல்லாமற்போய், அதன் இடத்தில் ஓர் இலத்திரனும் ஒரு எதிர்நியூத்திரினோவும் வருகின்றன. அந்த இலத்திரனைத்தான் நம்முடைய குழாய் எண்ணுகிறது.

இதில் இடைஞ்சல் என்னவென்றால் டபிள்யூவின் திணிவு, அதாவது அதன் பாரம். ஒரு புரோத்தனைப்போல எண்பது மடங்குக்கும் மேல். அப்படியொன்றை உண்டாக்கி வெளியே விட அந்தக் கருவிடம் இருக்கும் சக்தி கிட்டக்கூட வராது. ஆகவே டபிள்யூ வருவதும் போவதும் நினைத்துப்பார்க்க முடியாத சொற்ப நேரத்தில் நடந்துவிடவேண்டும்; ஒரு புரோத்தனின் அகலத்தில் நூற்றில் ஒரு பங்கு தூரத்தையும் அது தாண்டாது. அவ்வளவு நெருக்கத்தில் நடப்பது அரிது. அதனால்தான் இந்த இடைத்தாக்கத்தை நலிந்தது என்கிறார்கள். அதனால்தான் ஈயம் ஆறுதலாகச் சிதைகிறது. கருவின் அமைப்பும் சக்தி வித்தியாசமும் நேரத்தைக் கூட்டும், குறைக்கும். ஆனால் ஆறுதலுக்கு அடிக்காரணம் டபிள்யூவின் பாரம்.

இசெட் என்று இன்னொன்றும் இருக்கிறது, அதுவும் பாரமானது, ஆனால் அது மின்னேற்றத்தை மாற்றாது, நம்முடைய குழாய்க்கு அதனால் வேலை இல்லை என்றும் சொன்னார். டபிள்யூவையும் இசெட்டையும் ஐரோப்பாவில் பென்னாம்பெரிய இயந்திரம் ஒன்றில்தான் கண்டுபிடித்தார்கள். எங்கள் மேசையில் அவை ஒருநாளும் தெரியப்போவதில்லை. "ஆனா அது இருக்கிறபடியாத்தான் நீங்கள் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறீங்கள்" என்றார். அடுத்த கிழமை அதை ஒரு பக்கமாக எழுதிக் கைந்நூலில் சேர்த்தார். எங்கள் சாரதிக்கும் அதை வாசித்துக் காட்டினார்.

இனி, அந்தப் பக்கம் எனக்குக் கைகொடுத்த ஒரு களஞ்சியத்தின் கதைக்கு வருகிறேன். நான் ஓய்வுபெற நாலு வருடம் இருக்கையில் நடந்தது.

உட்துறைமுகப் பக்கம் ஒரு தனியார் நிறுவனம் கனிம மணலை மூட்டையாக அடுக்கி வைத்திருந்தது. மழைக்காலம் தொடங்கி மூன்று கிழமை. மூட்டை நனையக்கூடாது என்று கதவுகளைப் பூட்டி, சுவர் மேலிருந்த துவாரங்களையும் தகரத்தால் அடைத்திருந்தார்கள். உள்ளே எட்டுப் பேர் கிழிந்த மூட்டைகளை மாற்றிக் கட்டும் வேலை. கப்பலில் ஏற்றுவதற்கு முன் காற்றுப் பரிசோதனை அறிக்கை தேவை என்று நிறுவனத்தின் முகாமையாளர் அழைத்தார். காற்றை இழுக்கும் பம்பைக் கொண்டுபோய் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, வடிதாளைக் கொண்டுவந்து எண்ணினேன்.

மற்றக் களஞ்சியங்களில் நிமிடத்துக்கு முப்பது, நாற்பது வரும். இங்கே தொள்ளாயிரம் வந்தது.

குழாய் பழுதோ என்று பார்த்தேன். பின்னணி இருபதில் அசையாமல் நின்றது. குழாயில் பிழை இல்லை. கைக்கருவியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன். அது டிக் டிக் என்று அடித்த சத்தத்தை அந்த எட்டுப் பேரும் கேட்டார்கள். நான் வேலையை நிறுத்தி வெளியே வரச் சொல்ல முன்னரே அவர்கள் வாசலில் நின்றார்கள்.

அவர்களில் ஒருவர் நஸீர். கிண்ணியாக்காரர், முப்பது வயதிருக்கும். எல்லோரும் போனபின்னும் அவர் போகவில்லை. கல்யாணம் முடித்து ஏழு வருடத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்து பத்து நாள்.

"மிஸ், புள்ளயத் தூக்கேலுமா?" என்று கேட்டார்.

முடிவு வரட்டும், அதுவரைக்கும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன். அப்போது அது கவனமான பதிலாகத்தான் எனக்குப் பட்டது.

இந்தத் தொள்ளாயிரம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். வாயுவின் பிள்ளைகளான ஈயமும் அதன் பின்வருபவையும் மட்டும் என்றால், பத்தரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகி நாலு நாளில் இல்லாமற்போகும். கதவைத் திறந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. மொனசைட் தூசியே காற்றில் பறந்து வடிதாளில் இருக்கிறது என்றால், அது குறையாது. மூச்சோடு போனால் நுரையீரலில் நெடுநாள் தங்கும். இது இரண்டில் எது என்று சொல்ல எங்களிடம் அப்போது இருந்த ஒரே கருவி நேரம்தான். முதல் ஐந்து மணித்தியாலத்தை விட்டுவிடவேண்டும். எங்கும் இருக்கிற வேறு சில குறுகிய ஆயுள் பொருட்கள் அதற்குள் போய்விடும். அதன் பிறகு காலையும் மாலையும் எண்ணி வரைதாளில் புள்ளி வைக்கவேண்டும்.

முகாமையாளர் அன்று பின்னேரமே வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். கப்பல் வருகிற நெருக்கடி அவருக்கு. வடிதாளை அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் சீக்கிரம் முடியாதா, அமிலத்தில் கழுவினால் என்ன என்று கேட்டார். சூடாக்கினாலும் கரைத்தாலும் குளிரூட்டியில் வைத்தாலும் அது தன் நேரத்தைத்தான் எடுக்கும் என்றேன். அப்படியென்றால் யார் கையில் இருக்கிறது என்று எரிச்சலோடு கேட்டார். நான் அவருக்கு டபிள்யூவைப் பற்றிச் சொன்னேன். கருவுக்குள் நடக்கிற அந்த மாற்றத்தை வெளியிலிருந்து நெருப்போ அமிலமோ தொடாது என்று, சேர் எனக்குச் சொன்னமாதிரியே பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். அவர் விளங்கிக்கொண்டாரோ தெரியாது. ஆனால் நான் தட்டிக்கழிக்கச் சாட்டுச் சொல்லவில்லை என்பது அவருக்கு விளங்கியது. எழுந்து போய்விட்டார்.

சிதைவுக் கணக்கின் வாய்பாட்டை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தேன் என்றால், அன்றைக்கு நான் தடுமாறியிருப்பேன்.

சேர் அந்த நேரம் கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்பில் இருந்தார். இரண்டு கண்ணிலும் கட்டு. மறுநாள் காலை அவருடைய மனைவி தொலைபேசியை அவர் காதில் வைத்துப் பிடித்தார். எண்களை வாசித்தேன். ஐந்தாம் மணித்தியாலத்தில் இருந்ததில் பாதி பதினாறாம் மணித்தியாலத்தில் இருக்கிறது, கோடு நேராக இறங்குகிறது என்றேன். எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பிறகு நஸீர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.



"கடதாசியை எண்ணினனீங்கள். ஆளை எண்ணினனீங்களோ?" என்று சேர் கேட்டார்.

இல்லை. நான் எண்ணவில்லை. களஞ்சியத்தின் காற்றில் என்ன இருந்தது என்று அறிய நாலு நாள் வேண்டும். ஒரு மனிதனின் கையிலும் தலைமயிரிலும் என்ன இருக்கிறது என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். நஸீர் வாசலில் நின்றபோதே கைக்கருவி என் கையில் இருந்தது. இருபத்தைந்து வருடம் எண்ணிப் பழகிய எனக்கு அது தோன்றவில்லை. இதை நான் இன்னும் மறக்கவில்லை, மறைக்கவும் விரும்பவில்லை.

அந்த நிமிடமே சாரதியைக் கூப்பிட்டுக்கொண்டு பாலத்தைத் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போனேன். நஸீர் வீட்டு வளவின் மூலையில், வலை வைக்கிற கொட்டிலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் நாள் மூன்று தடவை குளித்து, உடுப்பை எல்லாம் ஒரு பையில் கட்டி வேலியில் தொங்கவிட்டிருந்தார். சாப்பாட்டை அவருடைய மாமியார் கொண்டுவந்து தூரத்தில் வைத்துவிட்டுப் போவாராம். வீட்டுக்குள் பிள்ளை அழுதது கேட்டது.

முதலில் வெறும் காற்றில் கருவியைப் பிடித்துப் பின்னணியை எழுதினேன். பிறகு அவருடைய கை, நகக்கண், தாடி, தலைமயிர், பாதம். பின்னணிக்கு மேல் ஒன்றுகூட இல்லை. பைக்குள் இருந்த உடுப்பில் மட்டும் இருந்தது. கருவியை அந்த உடுப்பின் மேல் பிடித்துச் சத்தத்தைக் கேட்க விட்டேன், பிறகு அவருடைய கையின் மேல் பிடித்து அங்கே அந்தச் சத்தமில்லை என்பதையும் கேட்க விட்டேன். எண்ணைவிட அது அவருக்கு நம்பிக்கையாக இருந்தது.

ஆனாலும் அவர் எழும்பவில்லை.

"உள்ளுக்குப் போனது இருக்கும்தானே மிஸ். என்ட மேல்ல இருந்து அவட மேலுக்குப் பாஞ்சா?"

உங்கள் உடம்பிலிருந்து பிள்ளையின் உடம்புக்குப் பாயாது என்றேன். உள்ளே கொஞ்சம் போயிருந்தாலும் அங்கிருந்து வெளியே வருவது இலத்திரனும் சிறிது கதிரும்தான். அந்த இலத்திரன் உங்கள் தசைக்குள்ளேயே நின்று, உலகத்தில் இருக்கிற மற்ற இலத்திரன்களைப்போல ஆகிவிடும். கருவுக்குள் நடக்கிற மாற்றம் பக்கத்துக் கருவுக்குக்கூடத் தொற்றாது. அதைச் செய்கிற துணிக்கை அந்தக் கருவை விட்டு வெளியே வருவதே இல்லை. உங்களிடமிருந்து பிள்ளைக்குப் போகக்கூடியது தூசி ஒன்றுதான். தூசியை நீங்கள் கழுவிவிட்டீர்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, நேற்றே உங்களை அளந்திருக்கவேண்டும், அளக்காமல் விட்டது என் பிழை என்றும் சொன்னேன்.

அவர் கதிரையை விட்டு எழும்பினார்.

"இப்ப தூக்கட்டா?"

"தூக்குங்கோ" என்றேன்.

அவருடைய மனைவி பிள்ளையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். பிள்ளையையும் அளக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று நஸீர் தலையாட்டினார். தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டோம் என்றார்கள், குடித்துவிட்டு வந்தேன். மற்ற ஏழு பேரையும் அன்றே தேடிப் போய் ஒவ்வொருவராக அளந்தேன்.

கோடு அழகாக இறங்கிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் மாலை முகாமையாளர் தொலைபேசியில் கேட்டபோது, ஈயம்தான், பெரும்பாலும் வாயுவின் பிள்ளைகள்தான் என்று சொல்ல முடிந்தது. அவருக்குச் சந்தோசம். அறிக்கையைத் தாருங்கள் என்றார். இன்னும் ஒருநாள் இருக்கிறது என்றேன்.

பின்னணியைக் கழித்தால், நாலாம் நாள் வடிதாளில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டுதான் மிஞ்சவேண்டும். பதினொன்று இருந்தது.

தொள்ளாயிரத்துக்கு முன்னால் பதினொன்று ஒன்றுமில்லை. விட்டுவிடலாம் என்று நினைக்க எனக்கும் விருப்பமாகத்தான் இருந்தது. தட்டை மாற்றிப் பார்த்தேன். புது வடிதாளை வைத்துப் பார்த்தேன், அதில் பின்னணி மட்டும்தான். பழையதை வைத்து ஒரு மணித்தியாலம் எண்ணினேன். பதினொன்று. மறுநாளும் பதினொன்று. இறங்காமல் நின்றது. ஆக, இரண்டில் ஒன்று அல்ல, இரண்டுமே. பெரும் பங்கு வாயுவின் பிள்ளைகள். சிறு பங்கு மொனசைட் தூசி. களஞ்சியத்துக்குப் போய்ப் பார்த்தேன். பின் மூலையில் கிழிந்த மூட்டைகளிலிருந்து கொட்டிய மணலைத் தண்ணீர் தெளிக்காமல், தூசி பறக்க, தும்புத்தடியால் காயக் காயக் கூட்டியிருந்தார்கள். அந்த மூலைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் தூசி பூத்திருந்தது.

கணக்குப் பார்த்தேன். மூன்று கிழமையில் அந்த எட்டுப் பேரும் மூச்சில் எடுத்தது தொழிலாளருக்கு வைத்த எல்லைக்குள் இருந்தது. ஒவ்வொரு மழைக்காலமும் அதே மாதிரி கதவைப் பூட்டிக்கொண்டு கூட்டினால் எல்லைக்குள் நிற்காது. அறிக்கையில் இரண்டையும் எழுதினேன்.

முகாமையாளர் முதற் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார். இரண்டாவது பகுதியை வேறொரு கடிதமாக, ஆறுதலாக, கப்பல் போனபின் தரலாமே என்றார். அப்படிப் பிரித்துத் தராவிட்டால் அடுத்த முறை வேறு ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டிவரும் என்றும் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை, சொன்னால் செய்வார் என்பது மட்டும் தெரிந்தது.

அறிக்கையில் கையெழுத்து எப்போதும் சேருடையது. கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து முழுவதையும் வாசித்துக் காட்டி, நீங்கள் வரும்வரை வைத்திருக்கவா என்று கேட்டேன்.

"நீங்கள் பாத்தனீங்கள், நான் பாக்கேல்ல. பாத்த ஆள்தான் கையெழுத்து வைக்கோணும்."

வைத்தேன். பதினொன்று என்ற எண்ணோடு ஒரே தாளில்.

அந்த நிறுவனம் சொன்னபடியே போய்விட்டது. ஒரு வருடம் அவர்களிடமிருந்து எங்களுக்கு ஒரு மாதிரியும் வரவில்லை. ஆனால் அறிக்கையின் பிரதியை நான் எட்டுப் பேருக்கும் கொடுத்திருந்தேன். அளக்கப்பட்டவருக்கு அளவைக் கொடுக்கவேண்டும் என்பது எங்கள் விதி. துவாரங்களைத் திறந்து, சுவரில் யன்னலும் வெட்டும்வரை அந்த எட்டுப் பேரும் உள்ளே இறங்கவில்லை. கப்பல் இரண்டு நாள் பிந்திப் போனது. சேர் கண்ணாடியோடு திரும்பிவந்த அன்று அறிக்கைகளின் முத்திரையை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுத் தன் கதிரைக்குப் போனார்.

துவாரகாவுக்கு நான் சொல்வது இதுதான். புதிய கருவி பெயரைச் சொல்லட்டும். நஸீரைப்போல ஒருவரை ஓரிரவுகூடக் காக்க வைக்காத எதையும் நான் வரவேற்பேன். ஆனால் சூடாக்கினால் போகாதா என்று ஒருவர் கேட்பார். பிள்ளைக்குப் பாயுமா என்று இன்னொருவர் கேட்பார். இரண்டுக்கும் கருவியின் திரையில் பதில் வராது. ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. அது இருக்கட்டும்.

யன்னல் வெட்டிய கிழமையே அந்தக் களஞ்சியத்துக்கு ஒருமுறை போனேன், யாரும் அழைக்காமல். இரண்டு கதவும் திறந்திருந்தன. கடற்காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போனது. பம்பை ஓடவிட்டு வடிதாளை அங்கேயே கைக்கருவியின் கீழ் பிடித்தேன். பின்னணிக்குச் சற்று மேலே நின்றது. நஸீர் பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"அப்ப இனி ஒண்டும் இல்லயா மிஸ்?"

"இருக்கு. மணல் இருக்கிற வரைக்கும் வந்துகொண்டுதான் இருக்கும். இப்ப வெளியில போகுது, அவ்வளவுதான்."

அவர் அதை யோசித்தார். பிறகு வாய்க்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டு, தும்புத்தடியை வாளித் தண்ணீரில் நனைத்து, பின் மூலையிலிருந்து கூட்டத் தொடங்கினார்.